ஒரு பிள்ளை, இரண்டு பதிவேடு: தேவிகுளம் எஸ்டேட் ஒன்றில் அரசுப் பணம் போகும் வழி

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் டிவிஷன். அங்கே மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பலருடைய பெயர் இரண்டு பதிவேடுகளில் இருந்தது. ஒன்று, கம்பெனி நடத்தும் கிரெச்சில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், ஆயா வைத்திருக்கும் நோட்டு. இன்னொன்று அரசு அங்கன்வாடியின் பதிவேடு. அது இப்போது மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏறிவிடுகிறது. ஒரே நாளில் ஒரே பிள்ளை இரண்டு இடத்திலும் 'வந்திருக்கிறது'. பஞ்சாயத்தின் பெண்கள், குழந்தைகள் நலச் செயற்குழுவுக்கு இது முதலில் புகாராகத்தான் வந்தது. பால் எங்கே போகிறது, முட்டை எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. போய்ப் பார்த்தபோது பாலும் முட்டையும் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போயிருந்தன. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

அரசுப் பணம் தலைக்கணக்கில் வருகிறது. கொழுந்து கிள்ளும் தாய்க்குத் தேவை மணிக்கணக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தினமும் மூன்றரை மணி நேரம் விழுகிறது. அந்த நேரத்துக்கு யாருடைய பட்ஜெட்டிலும் இடம் இல்லை.

எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஆயா யார், அங்கன்வாடி டீச்சர் யார், எந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை என்று அரை நாளில் மூணாறு முழுக்கத் தெரிந்துவிடும். செயற்குழுவில் இருந்தவன் என்ற முறையில் நேரில் பார்த்ததையும், பேப்பரில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

டிவிஷன்

இங்குள்ள பழைய குடும்பங்களின் முன்னோர் கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், ஆபீசில் மலையாளம். கொழுந்து எடுப்பது பெண்கள். ஆண்களுக்குக் கவாத்து, மருந்தடிப்பு, ஃபேக்டரி வேலை. இளவட்டங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்கிவிட்டார்கள். காலியான லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் வந்து குடியேறியிருக்கின்றன. அந்தப் பெண்களும் கொழுந்துக் காட்டுக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி கிடையாது. இந்த ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை.

காலை ஏழரைக்குப் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. மாலை கடைசி நிறுவை முடிந்து வீடு திரும்ப ஐந்தாகிவிடும். தினக்கூலி வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, அதிகக் கிலோவுக்கான காசும் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வந்தது அப்போதுதான். அன்று தினக்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், பேச்சுவார்த்தைக்குப் பின் 301 ஆனது. 20 சதவீத போனசையும் வாங்கினார்கள். அந்தப் போராட்டத்தில் கூலியும் போனசும் முன்னால் நின்றன. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது பேச்சுக்கு வந்தாலும் பட்டியலில் மேலே ஏறவில்லை.

மூன்றரை மணி நேரம்

கிரெச் காலை ஏழரைக்குத் திறக்கும், ஐந்து மணிக்கு மூடும். அங்கன்வாடி கேரளத்தில் ஒன்பதரை முதல் மூன்றரை வரை. கழித்துப் பாருங்கள்: காலையில் இரண்டு மணி, மாலையில் ஒன்றரை மணி.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே அங்கன்வாடி மேல் லயத்தில், கிரெச் கீழே ஃபேக்டரி ரோட்டில். நடுவில் ஒரு கிலோமீட்டர் ஏற்றம், வழியில் யானை இறங்கும் ஓடை. கிரெச்சில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையை ஒன்பதரைக்கு யார் மேலே கொண்டுபோய் விடுவது? ஆயா கைக்குழந்தைகளை விட்டுவிட்டு நகர முடியாது. அங்கன்வாடி ஹெல்பர் பத்து மணிக்குக் கஞ்சி வைத்துவிட்டு இறங்கி வந்து கூட்டிப் போவார். அதுவும் வெயில் காலத்தில். ஆனி, ஆடி மழையில் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் எத்தனை பிள்ளையைப் பிடிப்பது?

மூன்றரைக்குக் கூட்டி வருவது அதைவிடச் சிக்கல். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "மூணரைக்கு நான் காட்டுல நிப்பேன் சார், முதுகுல சாக்கு கெடக்கும். கங்காணியம்மாகிட்ட கேட்டுட்டு வர்றதுக்குள்ள நிறுவை போயிரும்." அதனால் பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போயின. பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்கக் கிரெச்சில் இருந்தன. சில வீடுகளில் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்காள் பள்ளியிலிருந்து முன்னாலேயே கிளம்பி வந்து தம்பியைக் கூட்டிப் போனாள். அவளுடைய கடைசிப் பீரியட் எந்தத் துறையின் கணக்கில் செலவாக எழுதப்படுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரட்டைப் பதிவு உருவானது இப்படித்தான். காலை எட்டுக்கு ஆயா பெயர் எழுதுவார். ஹெல்பர் கூட்டிப்போன நாளில் அங்கன்வாடியிலும் பெயர் விழும். மழை நாளில் ஹெல்பரால் இறங்க முடியாவிட்டாலும், பிள்ளைக்கான பங்கு கிரெச்சுக்கே போய்விட்டது என்று டீச்சர் வருகையைப் போட்டுவிடுவார். பாதி உண்மை, பாதி சௌகரியம்.

எண்ணிக்கை யாருக்கு வேண்டும்

சௌகரியம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் இந்தப் பிள்ளையின் பெயர் தேவைப்பட்டது.

கிரெச் கம்பெனியின் தர்மம் இல்லை, சட்டக் கடமை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 12-ஆம் பிரிவு 2025 நவம்பர் வரை சொன்னது இது: 50 பெண் தொழிலாளர்கள் வேலை செய்யும் தோட்டத்தில், அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலாளி அறை ஒதுக்கி நடத்த வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் பெண்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. தோட்டம் முழுக்க எடுத்தால் 50 பெண்கள் இருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிவிஷனுக்கு டிவிஷன் கிரெச் வேண்டுமா, இரண்டை ஒன்றாக்கலாமா என்று கம்பெனி யோசிக்கும்போது முதலில் புரட்டுவது ஆயாவின் நோட்டைத்தான். நோட்டில் ஆள் குறைந்தால் ஆயா வேலை போகும்.

அங்கன்வாடிக்கும் அளவு உண்டு. 400 முதல் 800 பேர் வரை மக்கள்தொகைக்கு ஒரு மையம்; 150 முதல் 400 வரை இருந்தால் மினி மையம். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் குறைந்தது 14 லட்சம் மையங்கள் வேண்டும் என்று உத்தரவிட்டபோது, ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றும் சொன்னது. குடும்பங்கள் கூடிக்கொண்டே போகும் ஊருக்கு அது பெரிய உதவி. லயங்கள் காலியாகிக்கொண்டிருக்கும் மலையில் அதே எண் தலைகீழாக வேலை செய்கிறது. சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் "இத்தனை பிள்ளைதானா?" என்ற கேள்வி. டீச்சருக்கு அடிவயிற்றில் பயம்.

ஆக, உண்மையான கணக்கை எழுதினால் இரண்டில் ஒன்று மூடப்படும் என்று இரண்டு பெண்களும் நம்பினார்கள். அந்தப் பயம் வீண் இல்லை. அதனால் இதை முறைகேடு என்று எழுத நான் ஒப்பவில்லை. செயற்குழுவில் ஒருவர் கடைசி வரை ஒப்பாமலே இருந்தார். பதிவேட்டில் பொய் பொய்தானே என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை.

சாப்பாடு உரிமை, படிப்பு முயற்சி

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்று தேடினால் சட்டம் ஒழுங்காக நடந்து வந்து ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாக இலவசச் சாப்பாடு உரிமை. கொடுக்காவிட்டால் கேட்கலாம். படிப்பு அப்படி இல்லை. 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களை 45-ஆம் பிரிவில் வைத்து, அவர்களுக்கு அரசு 'முயல வேண்டும்' என்று விட்டுவிட்டது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 11-ஆம் பிரிவிலும் அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் இருக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. தோட்டச் சட்டமோ 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியைப் பற்றிப் பேசியது. ஆறுக்குக் கீழே அதற்கு அறையும் ஆயாவும் போதுமாக இருந்தது.

எனவே கிரெச்சில் நாள் முழுக்க இருந்த நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் கதையும் படப்புத்தகமும் கிடைக்கவில்லை என்று கம்பெனி மேல் குற்றம் சொல்ல முடியாது. அரசு மேலும் முடியாது, மேல் லயத்தில் அங்கன்வாடி திறந்துதானே இருக்கிறது!

எட்டு ரூபாயும் இருபத்தொரு ரூபாயும்

பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் வந்தது மலப்புறத்தின் வேங்ஙர. இன்று கேரளத்தில் 33 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள். 2021-22 முதல் திட்டத்துக்குப் பெயர் சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0. பெயர் நீண்டது, பங்குக் கணக்கு பெரும்பாலும் பழையபடிதான். ஊட்டச்சத்துக்கு மத்திய அரசு பாதி, மாநிலம் பாதி. மற்றச் செலவுக்கு 60:40. 2017 டிசம்பருக்குப் பின் நிரந்தர ஊழியர் சம்பளத்தில் மத்திய அரசின் பங்கு 25 சதவீதம் மட்டும்.

ஒரு பிள்ளையின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 2017-இல் நிர்ணயித்த தொகை 8 ரூபாய். கடும் ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைக்கு 12, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒன்பதரை. நாங்கள் பார்த்த காலத்திலும் அதே எட்டு ரூபாய்தான். மாதம் 25 நாள் என்று வைத்தால் 200 ரூபாய். கேரளம் தன் கைக்காசு போட்டு 2022 ஆகஸ்ட் முதல் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் இரண்டு நாள் பாலும் இரண்டு நாள் முட்டையும் கொடுத்துவந்தது, 2025-இல் அதை மூன்று நாளாக்கியது. பஞ்சாயத்துத் திட்ட நிதியிலிருந்தும் ஊட்டச்சத்துக்கு ஒரு பங்கு போகிறது. உப்புமாவுக்குப் பதிலாக பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் கேட்ட வீடியோ 2025-இல் ஊரெல்லாம் சுற்றி, அமைச்சர் வரை போய், ஜூன் மாதம் முட்டை பிரியாணி சேர்த்த புதுப் பட்டியலே வந்தது. ஆறு வயதுக்குக் கீழே இவ்வளவு வேகமாக நிறைவேறிய கோரிக்கை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

இப்போது படிப்புக்கு வாருங்கள். முன்பருவக் கல்விச் சாமான் வாங்க ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். 20 பிள்ளைகள் உள்ள மையம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு மாதம் 21 ரூபாய்கூட வரவில்லை. சாப்பாட்டுக்கு 200, படிப்புச் சாமானுக்கு 21. சாப்பாட்டைக் குறைக்க யாரும் சொல்லவில்லை, அதுவே போதாது. ஆனால் 'படிப்பும் உண்டு' என்று 2023 மே மாதம் தொடங்கிய பயிற்சித் திட்டத்தையும், 2024-இல் வந்த புதிய பாடத்திட்டத்தையும் இந்த 21 ரூபாயோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். டீச்சர் பயிற்சிக்குப் போய் வந்தார். அங்கே சொன்ன மணல்தட்டும் மரக்கட்டையும் மலைக்கு வந்து சேரவில்லை.

டீச்சரின் மதிப்பூதியத்துக்கும் இதே கதை. மத்திய அரசு 2018 அக்டோபரில் அதை 3,000-லிருந்து 4,500 ஆக்கியது, ஹெல்பருக்கு 2,250. 60:40 கணக்கில் அந்த 4,500-இல் தில்லியிலிருந்து வருவது 2,700. கேரளத்தில் டீச்சர் கையில் வாங்குவது பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மிச்சம் முழுக்க மாநிலத்தின் சுமை. திட்டம் மத்திய அரசுடையது, செயலி மத்திய அரசுடையது, போர்டில் லோகோவும் அதுதான். செலவில் பெரிய பங்கு திருவனந்தபுரமும் பஞ்சாயத்தும். அப்படியும் இவர்கள் சட்டத்தின் கண்ணில் 'கௌரவ' ஊழியர்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோதுதான் அந்தச் சொல்லில் கொஞ்சம் விரிசல் விழுந்தது.

நேரத்துக்கு ஒரு திட்டம் இல்லாமல் இல்லை. பால்னா என்று ஒன்று இருக்கிறது. முன்பிருந்த தேசியக் காப்பகத் திட்டத்தை 2022-இல் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தில் சேர்த்து வைத்த புதுப்பெயர் அது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தலாம், நாடு முழுக்க 17,000 மையம் இலக்கு. இந்த டிவிஷனுக்குக் கேட்டுப் பார்த்தோம். "எஸ்டேட்டில் கம்பெனி கிரெச் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?" என்று பதில் வந்தது. கம்பெனியிடம் கிரெச்சில் படிப்பு சொல்லிக்கொடுக்க ஆள் போடுங்கள் என்றோம். "அதுக்குத்தானே கவர்மெண்ட் அங்கன்வாடி இருக்கு" என்றார்கள்.

ஒரே கூரை

தீர்வு வந்தது கூட்டத்தில் இல்லை, டீ குடிக்கும்போது. ஆயாம்மாதான் சொன்னார்: "இங்கன ரெண்டு ரூமு சும்மாதான கெடக்கு. டீச்சர இங்க வரச் சொல்லுங்க." கிரெச் கட்டடம் லயங்கள் நிறைந்திருந்த காலத்தில் கட்டியது, பெரியது. மேல் லயத்து அங்கன்வாடியோ பழைய வீட்டு அறை ஒன்றில் நடந்துகொண்டிருந்தது.

வார்டு மெம்பர் தலைவராக இருக்கும் அங்கன்வாடி ஆதரவுக் குழு, கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர், துறையின் சூப்பர்வைசர், மூன்று பேரும் உட்கார்ந்து பேசி அங்கன்வாடியைக் கீழே கொண்டுவந்தார்கள். இப்போது ஒன்பதரை ஆனதும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பக்கத்து அறைக்கு நடந்து போகின்றன. மூன்றரைக்கு ஆயாவிடம் திரும்புகின்றன. தாய் ஐந்துக்கு வந்து கூட்டிப் போகிறார். அந்த மூன்றரை மணி நேரத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. கம்பெனி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த ஆயா சம்பளத்திலேயே அது அடங்கிவிட்டது. மேல் லயத்துப் பாட்டிகளுக்கு மட்டும் வருத்தம். பேரனைப் பார்க்க இனி இறங்கி வர வேண்டும்.

பதிவேட்டுச் சிக்கலும் பாதி தீர்ந்தது. ஆயா நோட்டில் நேரம் எழுதுகிறார், டீச்சர் பதிவேட்டில் வருகை எழுதுகிறார், பிள்ளை இரண்டிலும் உண்மையாகவே இருக்கிறது.

கைக்குழந்தைகள் விஷயத்தில் ஒரு சின்ன நல்லதும் நடந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ளவர்களுக்குக் கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் பொடி வீட்டுக்குப் போகிறது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்த பொடி. பிள்ளை பகல் முழுக்கக் கிரெச்சில், பொடி வீட்டு அலமாரியில். களைத்து வரும் தாய் ராத்திரி அடுப்பில் வைத்துக் கூழாகக் காய்ச்சினால் உண்டு. இப்போது தாய்மார் சிலர் பாக்கெட்டை ஆயாவிடமே கொடுத்துவிடுகிறார்கள், பதினோரு மணிக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார். விதிப்படி இது வீட்டுக்கான பொடி. யாரும் கேட்கவில்லை, நாங்களும் மினிட்சில் எழுதவில்லை.

தகரக் கூரையும் தடையின்மைச் சான்றும்

சிக்கல் முழுக்க அந்தக் கட்டடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நிலம் கம்பெனி வசம், கட்டடம் கம்பெனியுடையது. வாடகை வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. பஞ்சாயத்தின் ஆஸ்தி பதிவேட்டில் இல்லாத கட்டடத்தில் பஞ்சாயத்துப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் எழுதிவிடுவார்கள். எனவே தகரம் ஒழுகினால் மாற்ற முடியாது, பிள்ளைகளுக்கேற்ற கழிப்பறை வைக்க முடியாது, மின்விசிறிக்குத் தேவையில்லை, இது மூணாறு! ஆனால் தரை குளிர்ந்து கிடக்கிறது, பலகை போட வேண்டும். அதற்கும் இதே பதில்.

புதுக் கட்டடம் கட்டலாமே என்றால் அதற்கு மத்திய அரசு போட்டிருந்த கணக்கு 12 லட்சம்: ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்து 8, நிதிக்குழு மானியத்திலிருந்து 2, குழந்தை வளர்ச்சித் துறையின் பங்கு 2. சமவெளிக் கணக்கு இது. மணலும் கல்லும் ஜீப்பில் ஏறும் இடத்தில் அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்பதை விடுங்கள். வேலை உறுதித் திட்டத்தில் கூலிக்கும் சாமானுக்கும் 60:40 இருக்க வேண்டும். எஸ்டேட்டில் வேலை செய்யக்கூடிய பெண்கள் எல்லோரும் ஏழரைக்குக் கம்பெனி பிரட்டில் நிற்கிறார்கள். அந்தத் திட்டத்துக்குக் கூலிநாள் எங்கிருந்து வரும்? கூலிநாள் வராவிட்டால் சாமான் பணமும் வராது. அப்புறம் நிலம். பஞ்சாயத்தின் பெயரில் சில சென்ட் இருந்தால்தான் கட்ட முடியும். கம்பெனி எழுதிக் கொடுத்தாலும் மூணாறு பகுதியில் கட்டடம் என்றால் வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், அது உயர் நீதிமன்றம் 2010-இல் போட்ட நிபந்தனை. ரிசார்ட்டுகளைத் தடுக்க வந்த விதி அங்கன்வாடி வாசலிலும் நிற்கிறது. விதியைக் குறை சொல்ல மாட்டேன். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். எங்கே கட்டுகிறோம் என்று பார்க்கத்தான் வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு எந்தப் பணம்

டீச்சர் இதே எஸ்டேட்டில் வளர்ந்தவர், தமிழ் மீடியத்தில் படித்தவர். மாதக் கூட்டம் மலையாளம், பயிற்சி மலையாளம், பிள்ளைகளுக்கு வரும் பயிற்சிப் புத்தகமும் மலையாளம். 5,000 ரூபாய்ச் சாமானை மேலேயே மொத்தமாக வாங்கி அனுப்புகிறார்கள். எனவே தமிழ் அட்டை வேண்டும் என்று டீச்சர் தனியாகக் கேட்க வழியில்லை. போடியில் இருக்கும் அவருடைய அக்கா அங்கன்வாடி ஊழியர். அந்த வழியாகத் தமிழ்நாட்டுப் படப்புத்தகம் இரண்டு மூன்று போடிமெட்டு ஏறி வந்திருக்கிறது. இடுக்கி, பாலக்காடு எல்லையில் தமிழ் பேசும் பிள்ளைகள் நேற்று வந்தவர்கள் இல்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மூன்று வயதுப் பிள்ளை அரசுக்கு மனு எழுதாது, படம்தான் பார்க்கும். அதற்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கப் பெரிய தொகை வேண்டாம்.

ஜார்க்கண்ட் பிள்ளைகள் இந்த அறையில் தமிழ்தான் கற்கின்றன. அவற்றுக்கு எந்த மொழிப் புத்தகம் என்ற கேள்விக்கு எங்கள் செயற்குழுவில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தத் தாய்மாருக்கு வேறு தொல்லை. 2025 ஜூலை முதல் வீட்டுக்கான பொடியை வாங்க முகப் பதிவு கட்டாயம். ஆதாரோடு சேர்த்த போனுக்கு ஓடிபி வர வேண்டும். போன் கணவனிடம், கணவன் ஃபேக்டரியில், ஃபேக்டரிக்குள் சிக்னல் இல்லை. ஓடிபி வந்தாலும் முகம் காட்ட வேண்டியவர் கொழுந்துக் காட்டில். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், சிக்னல் கிடைக்கும் திருப்பத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பதிவு செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மதிப்பூதியத்தில் தனிக் கணக்கு கிடையாது.

இப்போது

கேரளத்தில் 2026-27 முதல் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்று கல்வி அமைச்சர் அறிவித்திருக்கிறார். ஐந்தில் பள்ளிக்குப் போன பிள்ளை இன்னும் ஓராண்டு இந்த அறையில் இருக்கும். எண்ணிக்கை கூடும் என்று டீச்சருக்குச் சந்தோஷம். அந்தக் கூடுதல் ஆண்டுக்கு இருப்பதும் அதே 5,000 ரூபாய்தான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தோட்டச் சட்டம் அதில் கரைந்துவிட்டது. 50 பெண்கள் என்பது போய் 50-க்கு மேல் தொழிலாளர்கள் என்று ஆனது நல்லதுதான், ஆண் தொழிலாளியின் பிள்ளைக்கும் இடம் உண்டு. ஆனால் அதே பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது: நிறுவனம் தனிக் காப்பகம் வைக்காமல் மத்திய, மாநில அரசுகளோ உள்ளாட்சியோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கேரள அரசு இந்தத் தொகுப்புகளை எதிர்த்து நிற்பதால் இங்கே இது எப்படி இறங்கும் என்பது போகப்போகத்தான் தெரியும். கம்பெனி காத்திருக்கவில்லை. கட்டடத்தை எழுதித் தருகிறோம் என்று அவர்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவில் ஒரு வரி இருந்தது: இக்கட்டடத்தில் இயங்கும் அரசு மையமே எஸ்டேட்டின் காப்பகமாகக் கருதப்படும்.

அந்த ஒரு வரியில் ஆயா காணாமல் போகிறார். அவர் போனால் ஏழரை முதல் ஒன்பதரை வரையும், மூன்றரை முதல் ஐந்து வரையும் பிள்ளை மறுபடி பாட்டியிடமும் அக்காளிடமும் போகும். பெரும்பாலான ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வெல்ஃபேர் ஆபீசரிடம் கேட்டால், மேலிடத்து வக்கீல் போட்ட வரி, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பீருமேட்டில் 2000-இல் தோட்டங்கள் மூடியபோது கம்பெனி கிரெச்சுகள் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அரசு மையம் மிஞ்சியது, காலை மாலை நேரம் மிஞ்சவில்லை. அதனால் இந்த வரியை எடுத்துவிட்டு, ஆயாவின் சம்பளம் கம்பெனிப் பொறுப்பு, கிரெச் நேரம் ஏழரை முதல் ஐந்து என்று எழுதி அனுப்பும்படி பஞ்சாயத்து திருப்பிக் கேட்டிருக்கிறது. கூடவே இரண்டு கோரிக்கைகள் துறைக்குப் போயிருக்கின்றன: எஸ்டேட் மையங்களுக்குப் பிள்ளை எண்ணிக்கையோடு திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்; கல்விச் சாமான் பணத்தில் ஒரு பகுதியை மையமே தனக்கு வேண்டிய மொழியில் வாங்க விட வேண்டும். முதலாவதற்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவது பரிசீலனையில். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை தகரத்தில் கை வைக்க முடியாது என்பதால், மழைக்கு முன்னால் தார்ப்பாய் வாங்க ஆதரவுக் குழு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருக்கிறது. ரசீது புத்தகம் ஆயாம்மாவிடம் இருக்கிறது.